வயிற்றுக்குள் ஒரு பை

அன்று விசாரணைக்கு வந்தது பல்லேகமப் பக்கத்து வயல் வரம்பு வழக்கு. சாட்சிக் கூண்டில் வயதான ஒரு சிங்கள விவசாயி நின்றார். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல, நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன் சாட்சியின் வாயாகவே பேச வேண்டும். 'வரம்பை வெட்டினேன் என்கிறார்' என்று சொல்லக்கூடாது. 'நான் வரம்பை வெட்டினேன்' என்றே சொல்ல வேண்டும். வருடக் கணக்காக அப்படிப் பேசி அது என் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

நீதிபதி எழுதும்போது மண்டபத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து என் வயிறு சத்தம் போட்டது. பசியில் வயிறு இரைவதுபோல் அல்ல, காற்றுப் பிரியும் சத்தம். பின்வரிசை வாங்கிலில் யாரோ சிரித்தார்கள். நான் வயிற்றின் வலப்பக்கத்தை முழங்கையால் அழுத்திக்கொண்டேன். அழுத்தியதுதான் பிழை. சட்டைக்குள் ரப்பர்ப் பை ஒட்டியிருந்த இடம் விட்டுக்கொடுத்தது. சூடாக ஒன்று இடுப்பில் இறங்கி, தொடையில் இறங்கி, வெள்ளைக் காற்சட்டையின் முழங்கால்வரை வந்தது.

சாட்சி வாக்கியத்தின் நடுவில் இருந்தார். நான் மொழிபெயர்த்துக்கொண்டே நின்றேன். அவர் தோள் துண்டை எடுத்து மூக்கை மூடினார். நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உமக்கு உடம்புக்கு முடியவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் குழப்பத்தில் நான் பழக்கதோஷத்தில் சாட்சியின் பக்கம் திரும்பி, அதையே சிங்களத்தில் அவரிடம் கேட்டேன்.

"எனக்கு ஒன்றும் இல்லை. இந்த மாத்தையாவுக்குத்தான்" என்று என்னைக் காட்டினார் அவர்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். நான் பின்கதவால் இறங்கி, மதில் ஓரமாக நடந்து, பஸ்ஸில் ஏறப் பயந்து, வீடுவரை வெயிலில் நடந்தே போனேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு எழுதுவினைஞராக வந்தவர். நான் மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்ததால் என் பேச்சு இந்த ஊர்ப்பேச்சாகிவிட்டது. மனைவியும் ஊர்க்காரிதான். கடைவீதியில் அவளுடைய அப்பாவுக்குப் பலசரக்குக் கடை இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம் எனக்கு இரத்தமாகப் போகத் தொடங்கியது. மூலம் என்றார்கள், சூடு என்றார்கள், வயிற்றுளைவு என்றார்கள். மாதுளந்தோலும் வெந்தயமும் குடித்துப் பார்த்தேன். இரண்டு மூன்று வருடம் நல்லதும் கெட்டதுமாக இழுத்தது. கடைசியில் ஒரு நாளைக்கு இருபது தடவைக்குமேல் கக்கூசுக்கு ஓடி, எலும்பும் தோலுமாகி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கியபோது மனைவி என்னைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பெருங்குடல் முழுவதும் புண், எந்த நேரமும் ஓட்டை விழலாம் என்று அங்கே சொன்னார்கள்.

கண் விழித்தபோது என்னிடம் பெருங்குடல் இல்லை. மலக்குடலும் இல்லை. கீழே வழக்கமான வழியை வெட்டியெடுத்துத் தைத்து மூடியிருந்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தில் துளை போட்டு வெளியே இழுத்து மடித்துத் தைத்திருந்தார்கள். சிவப்பாக, ஈரமாக, தக்காளித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்ததுபோல் இருந்தது. அதற்குத் தசை இல்லை, பிடிப்பு இல்லை. தண்ணீராக எப்போது வரவேண்டுமோ அப்போது வரும். அதன்மேல் ரப்பர்ப் பை ஒன்றைப் பசை போட்டு ஒட்டி, இடுப்பில் வார் கட்டிக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

அறுத்த சத்திரசிகிச்சை நிபுணர் முதியவர், நல்ல மனிதர். "உயிர் இருக்கிறது, மற்றதெல்லாம் பழகிவிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பழகவில்லை. சிறுகுடலிலிருந்து வருவது வெறும் கழிவு அல்ல, சோற்றைக் கரைக்கும் நீர் அது. பை கொஞ்சம் கசிந்தாலும் அது தோலையும் கரைக்கும். துளையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து வெந்து கிடந்தது. அதன்மேல் பசை ஒட்டாது. பசை ஒட்டாததால் இன்னும் கசியும். நீதிமன்ற நாட்களில் முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன். தண்ணீரையும் நிறுத்தினேன். நாக்கு வறண்டு சொற்கள் குழறின. அப்படியும் அந்த விவசாயி முன்னால் அது நடந்துவிட்டது.

பிறகு என்னை விசாரணை மண்டபத்துக்கு அழைக்கவில்லை. பழைய வழக்குக் கட்டுகளைப் பிரதி எடுக்கும் வேலை கொடுத்தார்கள். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால் நான் உட்கார்ந்ததும் பக்கத்து மேசைக்காரர் ஜன்னலைத் திறப்பார். மழை அடித்தாலும் திறப்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோனது. எல்லாரும் பருப்புக்கும் துணிக்கும் வரிசையில் நின்றார்கள். எனக்குப் பை கிடைக்கவில்லை, பசையும் கிடைக்கவில்லை. இருந்த பையைக் கழுவிக் கழுவி அது ஓரத்தில் பிளந்தது. சைக்கிள் டியூப் ஒட்டும் பசையை வைத்து மனைவி அதை ஒட்டினாள். அதுவும் பிளந்த பிறகு பால்டின் ஒன்றின் விளிம்பைத் தட்டி மழுக்கி, துணி சுற்றி, வயிற்றோடு வைத்துக் கட்டினோம். டின்னோடு குனிய முடியாது, படுக்க முடியாது. ராத்திரியில் கதிரையில் சாய்ந்தபடியே தூங்கினேன். கல்யாணம், சாவு எதற்கும் போகாமல் விட்டேன். ஒரு நாள் டின் சரிந்து அடுப்படி முழுவதும் ஆனபோது, மனைவி சாம்பலைக் கொட்டித் தகரத் துண்டால் அள்ளத் தொடங்கினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கே செத்திருக்கலாம்" என்றேன். "உனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்."

அவள் கையிலிருந்த தகரத்தைக் கீழே போட்டாள். "கொழும்புக்கு உங்கள மடியில போட்டுக்கிட்டு போனது யாரு? நிம்மதிக்கா போனேன்? அந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுல வேணாம்." கொஞ்ச நேரம் கழித்து, கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த டொக்டர்கிட்டயே போவோம். வேற வழி இல்லையான்னு கேப்போம்."

முதியவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். அவருடைய இடத்தில் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய ஒரு சிங்கள டொக்டர் இருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். டின்னைக் கழற்றிப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. நான் வேலை பார்க்கும் இடத்தைச் சொன்னதும் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். மனைவியைக் காட்டி என்னிடம், "நான் சொல்வதை இவருக்கும் சொல்லுங்கள். ஒன்றையும் விடாதீர்கள்" என்றார். நான் நீதிமன்றத்தில் நிற்பதுபோல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

"குடலைப் பழையபடி கீழேயே இணைச்சிர முடியாதான்னு கேளுங்க" என்றாள் மனைவி. நான் கேட்டேன்.

டொக்டர் கடதாசியில் படம் போட்டுச் சொன்னார். சிலருக்கு மலக்குடலை விட்டுவைத்து அதோடு சிறுகுடலைத் தைப்பார்கள். அதில் நோய் மிஞ்சியிருக்கும், பின்னால் புற்றுநோயும் வரலாம். சிலருக்கு மலக்குடலை எடுத்துவிட்டு, ஆசனவாயின் சுருக்குத் தசையை மட்டும் காப்பாற்றி, சிறுகுடலை அதுவரை இறக்கித் தைத்திருக்கிறார்கள். அவர்களிலும் பலர் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறார்கள். சேர்த்து வைக்க இடம் இல்லாமல் தசை மட்டும் இருந்து போதாது. "உங்களுக்கு அந்தத் தசையும் இல்லை. உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வழி மூடிப்போனது. இனி யாராலும் திறக்க முடியாது."

நான் அதை மனைவிக்குச் சொன்னேன். என் வாயாலேயே, 'அந்த வழி மூடிப்போச்சு' என்று.

"இன்னொன்று இருக்கிறது" என்றார் டொக்டர். வெளியே தொங்கும் பைக்குப் பதிலாக, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்யலாம். அதன் வாயில் குடலையே உள்பக்கமாகச் செருகி ஒரு அடைப்பு வைக்கலாம். பை நிறையும்போது அடைப்பு இறுகும், வெளியே கசியாது. நாளைக்கு நான்கைந்து தடவை நீங்களே துளை வழியாகக் குழாயை விட்டுக் காலி செய்ய வேண்டும். புதிய முறை இது. அவர் அதைச் செய்யும் இடத்தில் வேலை பார்த்திருக்கிறார். இங்கே வந்து சிலருக்குச் செய்தும் இருக்கிறார்.

"எல்லாருக்கும் நிற்கவில்லை" என்றார். "தையல் உள்ளே விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. அடைப்பு வழுக்கி வெளியே வந்துவிட்டால் திரும்ப அறுக்க வேண்டும். சரிவராமல் பையை எடுத்துவிட்டால், அவ்வளவு நீளக் குடலும் போய்விடும். இருப்பதே உங்களுக்குக் கொஞ்சம்தான். வேண்டாம் என்றால், இந்தத் துளையைத் திருத்தி நுனியை நீளமாக வெளியே வைத்துத் தருகிறேன். நல்ல பைக்கும் முயற்சி செய்கிறேன். அப்படியே முதுமைவரை வாழலாம்."

ஒன்றையும் விடாமல் சொன்னேன். எனக்கு உள்ளே அந்தப் பை ஏற்கெனவே வந்துவிட்டதுபோல் இருந்தது. சட்டைக்கு மேலே கையை வைத்தால் மட்டமாக இருக்கும் வயிறு, நேராக நிற்கும் காற்சட்டை.

மனைவி என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "எனக்கு வேணாங்க ஐயா. இவர் உசிரோட இருந்தா போதும்."

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் வந்தது: "எனக்கு வேண்டாம். இவர் உயிரோடு இருந்தால் போதும்."

டொக்டர் பேனாவை வைத்தார். "இது நீங்கள் சொல்வதா, உங்கள் மனைவி சொல்வதா?"

"மனைவி."

"நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் நான் திணறினேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்துவிட்டோம்.

கண்டிவரைக்கும் ரயில் கோச்சியில் கூட்டம். மாத்தளைக் கோச்சிக்கு மாறிய பிறகு, பெட்டியில் ஆள் குறைந்ததும் நான் வெடித்தேன். "இது என் வயிறு. நீயா இதோட வாழ்ற?"

"ஆமா, நான்தான் வாழ்றேன்" என்றாள். "துணி தோய்க்கிறது யாரு? டின்ன கழுவுறது யாரு? எல்லாத்தையும் நான் செய்றேன். நீங்க இல்லாமப் போனா யாருக்குச் செய்றது?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் பல நாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. டொக்டர் இரண்டு பைகள் தேடி அனுப்பியிருந்தார். வெந்த தோலில் அவையும் நிற்கவில்லை.

அந்த நாட்களில் என் மேசையைப் பின்விறாந்தைக்கு மாற்றினார்கள். காற்றோட்டமாக இருக்கும் என்றார்கள். அங்கேதான் வழக்குகளில் பிடிபட்ட சான்றுப் பொருட்களைப் போட்டு வைப்பார்கள். கள்ளச்சாராயமான கசிப்பைக் காய்ச்சிய பரல் பீப்பாய்கள், துருப்பிடித்த கத்திகள், சாக்கில் கட்டிய களவுக் கொக்கோ, இரத்தக்கறை படிந்த சாரத் துணி ஒன்று. அவற்றுக்கு நடுவில் என் மேசை. நான் அதை வீட்டில் சொல்லவில்லை. நான் சோற்றுப் பார்சலை மறந்துவிட்டு வந்த ஒரு நாள் மனைவி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். காவலாளி பின்பக்கம் கையைக் காட்டியிருக்கிறான். நான் நிமிர்ந்தபோது அவள் பரல்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாக்குகளையும் கத்திகளையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பார்சலை மேசையில் வைத்துவிட்டு, "ஆறிரும், சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று நான் வீட்டுக்குள் கால் வைத்ததும், "ஒப்பரேசனச் செய்ங்க" என்றாள். "எனக்குப் பயம்தான். ஆனா செய்ங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

செய்தார்கள். முதல் வாரங்களில் நான் மனிதனாக இல்லை. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். புதுப் பை ஆறும்வரை வயிற்றுக் குழாய் இரவும் பகலும் உள்ளேயே இருந்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவும் ஒவ்வொரு தடவையும் உள்ளே யாரோ பிசைவதுபோல் வலித்தது. எனக்கு முன்னால் இதே பை வைத்த ஒரு ஆசிரியர் அதே வார்டில் இருந்தார். அவருக்கு அடைப்பு நிற்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தார். நான் அவரோடு பேசப் பயந்தேன்.

பிறகு ஒரு காலையில் டொக்டர் குழாயை உருவி எடுத்து, துளைமேல் சிறிய துணித் துண்டை வைத்து, "இனி பார்ப்போம்" என்றார். நான் துணியையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கஞ்சி குடித்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. மத்தியானம் மனைவி வந்து போர்வையை விலக்கிப் பார்த்தாள். காய்ந்த துணி. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள். நர்ஸ் மிஸ்ஸி பயந்து ஓடிவந்தார்.

நான்கு மாதம் நன்றாக இருந்தது. தோல் ஆறியது. நான் பஸ்ஸில் ஏறினேன். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் வஹகோட்டை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். குழாயை ஒரு சவர்க்காரப் பெட்டியில் வைத்து எங்கும் கொண்டுபோனேன்.

ஐந்தாம் மாதம் ஒரு காலை குழாய் உள்ளே போகவில்லை. கொஞ்ச தூரம் போய் எதிலோ முட்டியது. திருப்பிப் பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், எண்ணெய் தடவிப் பார்த்தேன். இரத்தம் வந்தது. பத்து மணிக்குள் வயிறு பானைபோல் ஆகிவிட்டது. மனைவி தன் அண்ணனுடைய கடை லொறியைக் கொண்டுவந்து, மூட்டைகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்தாள். கொழும்புவரை நான் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவிலும் உள்ளே வெடித்துவிடும் என்று தோன்றியது. அந்த ஆசிரியரின் முதுகுதான் திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. இவ்வளவு கெஞ்சி வாங்கிய ஒன்று என்னைக் கொல்லப்போகிறது என்று நினைத்தேன். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம், எடுத்துரச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே வந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

டொக்டர் வளைந்த குழாய் ஒன்றை எப்படியோ செலுத்திக் காலி செய்தார். எனக்குக் கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் கேட்டது. அடைப்பு வழுக்கி நிமிர்ந்துவிட்டது, அறுக்கத்தான் வேண்டும் என்று அவர் ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். அப்போது மனைவி பேசினாள், சிங்களத்தில். அப்பாவின் கடையில் நின்று பழகிய சந்தைச் சிங்களம். அவளுக்கு அது வரும் என்று எனக்குத் தெரியாததா? ஆனால் டொக்டரிடம் அவள் பேசலாம் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"எடுத்துவிட்டால் பழையபடி வெளியே பைதானே, டொக்டர் மாத்தையா?"

"ஆமாம். குடலும் குறையும். ஒல்லியாகிவிடுவார். ஆனால் இந்த ஆபத்து இருக்காது."

"திருத்தினால்?"

"நிற்கலாம். இந்தத் தடவை அடைப்பைப் பையின் சுவரோடு சேர்த்து இறுக்கித் தைப்பேன். நிற்கும் என்று சத்தியம் பண்ண முடியாது."

அவருடைய சிங்களம் அவருடைய ஆங்கிலத்தைவிட எளிதாக இருந்தது.

"இவர் அந்தப் பரல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை" என்றாள் அவள். "திருத்துங்கள்."

பிறகு குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்து தமிழில் கேட்டாள்: "நான் சொன்னது சரியாங்க?"

எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது அடைப்பு நின்றது. எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஆசிரியர் அதே வருடம் வேறு நோயில் இறந்துபோனதாகக் கேள்விப்பட்டேன். என்னை விறாந்தையிலிருந்து உள்ளே எடுத்தார்கள். கொஞ்ச நாளில் மண்டபத்துக்கும் அழைத்தார்கள். ஆனால் முன்போல் திடமாக நிற்க என்னால் முடியவில்லை. வருடத்தில் இரண்டு மூன்று தடவை உள்ளே பை வீங்கிக் காய்ச்சல் வரும், இரத்தம் வரும், மாத்திரையோடு படுத்துவிடுவேன். முந்திரிப்பருப்பு, அன்னாசி, கீரைத் தண்டு எதையும் சாப்பிட முடியாது, குழாயை அடைத்துவிடும். நல்ல வயதிலேயே ஓய்வு வாங்கிக்கொண்டேன்.

இன்றும் ஒவ்வொரு காலையும் குளியலறையில் குழாயைக் கையில் எடுக்கிறேன். உள்ளே விட்டதும் ஓர் இடத்தில் லேசாகத் தடுக்கும். அந்த அடைப்பைக் கடந்து குழாய் போகுமா, முட்டி நிற்குமா என்று தெரிவதற்குள் எனக்கு வேர்த்துவிடும். கதவுக்கு வெளியே மனைவி நிற்பாள். அடுப்பில் எது கொதித்தாலும் அந்த நேரம் அங்கே வந்துவிடுவாள்.

"போச்சா?" என்பாள்.

"போச்சு" என்பேன். அதற்குப் பிறகுதான் அவளுடைய காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் போகும்.